கம்ப்யூட்டருக்குத் தைத்த தோல் சட்டை

தன் தையலில் குற்றம் சொல்ல ஒருத்தன் இன்னும் பிறக்கவில்லை என்று கன்னியப்பன் யாரும் கேட்காமலே சொல்லுவார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் அறையில் அவர் தையல்காரர். சொன்னது பொய்யுமில்லை.

மெர்சி அவருக்குப் பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்தவள். சாயங்கால வகுப்புக்குப் போய்ப் படித்து, ஷூவுக்குத் தோல் வெட்டும் பேட்டர்ன் வரைகிற கம்ப்யூட்டர் முன்னால் அவள் உட்கார்ந்தபோது, பெற்ற மகளே உட்கார்ந்த மாதிரி அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதியது போட்ட அன்று திரை பளபளத்தது. பக்கத்து அறையில் தோல் தேய்க்கிற தூசு இங்கேயும் பறந்து வரும். அது கம்ப்யூட்டரில் படியக் கூடாதென்று, மிச்சம் கிடந்த நல்ல ஆட்டுத்தோலில் சிபியூவுக்கு அளவெடுத்து ஓர் உறை தைத்து மாட்டினார். பட்டனுக்கும் வயருக்கும் மட்டும் இடம் விட்டார். மாப்பிள்ளைச் சட்டை தோற்றது.

அந்த வாரமே கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. காலையில் நன்றாக ஓடும். டீ வருவதற்குள் நத்தையாகிவிடும். மெர்சி இழுத்த கோடு திரைக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிடும். கம்ப்யூட்டர் கடை ஜீவா, கடையில் இருந்தபடியே நெட் வழியாக உள்ளே நுழைந்து பார்த்தான். தானாகத் திறந்துகொள்ளும் புரோகிராம்களை நிறுத்தினான். டிரைவரைப் புதுப்பித்தான். பழைய விண்டோஸுக்கே போய்விடலாமா என்றும் கேட்டான். எல்லோரும் புது விண்டோஸைத் திட்டினார்கள். கன்னியப்பன் கொஞ்சம் ஜாஸ்தியாகவே திட்டினார்.

மேனேஜர் இஷ்தியாக் அகமது மட்டும் விண்டோஸை விட்டுவிட்டு மெர்சியைப் பிடித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பேட்டர்ன் எல்லாம் லேட்டாவுது. திங்கக்கிழமைலருந்து நீ பழையபடி மிஷினுக்கே போய்டும்மா."

சனிக்கிழமை ஜீவா நேரிலேயே வந்தான். மேஜைக்கடியில் குனிந்தவன் சிரித்துவிட்டான். "இன்னாண்ணே இது, வேலூர் வெயில்ல ஸ்வெட்டர் போட்டு வெச்சிருக்கீங்க? சூடு வெளிய போவ வழியே இல்ல. கொதிச்சா அது தானே வேகத்தக் கம்மி பண்ணிக்கும்."

கன்னியப்பனுக்கு முகம் செத்துவிட்டது. ஷூவில் காற்றுப் போக ஓட்டை விட்டுத் தைக்கிற மனுஷன், கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த ஓட்டைகளை அசிங்கம் என்று மூடித் தைத்திருந்தார்.

"இருக்கட்டும்ணே, அங்கங்க ஓட்டை போட்டுக்கலாம்," என்றாள் மெர்சி அவசரமாக. அவர் காதில் வாங்கவில்லை. உறையைக் கழற்றிக்கொண்டு நேரே மேனேஜரிடம் போனார்.

"சார், இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் அதுக்கு மூச்சு முட்ட வெச்சுட்டேன். நீங்களே வந்து பாருங்க."

மேனேஜர் வந்தார். மெர்சி கோடு இழுத்தாள். கை போன வேகத்துக்குக் கோடும் போனது. மத்தியானம் மறுபடி வந்து பார்த்தார். அப்போதும் அப்படியேதான் ஓடியது. "சரி, நீ இங்கயே இரும்மா," என்றார். போகிறபோது உறையை ஒரு தரம் தடவிப் பார்த்தார். "தையல் மட்டும் பிரமாதம்யா."

அவர் தலை மறைந்ததும் மெர்சி கேட்டாள். "வருத்தமாண்ணே?"

"இல்லாம இருக்குமா? நான் தெச்ச ஷூ எல்லாம் எந்த ஊர்ல எவன் கால்ல கெடக்குதோ. தெரிஞ்சவங்களுக்குன்னு தெச்சது இது ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு அவர் கத்தியை எடுத்து உறையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். மெர்சி பதறிப்போய் எழுந்தாள். அவர் நிமிராமலே, அவள் காலில் இருந்த ரப்பர் செருப்பைப் பார்த்துக் கேட்டார்.

"உன் கால் எத்தினியாம் நம்பரும்மா?"