மாமி எழுதுவித்த பெட்டிசம்

நல்லூரில் எங்கள் ஒழுங்கையில் யாருக்கு முறைப்பாடோ பெட்டிசமோ எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். வேலை நாட்களில் ஒரு சட்டத்தரணியிடம் மொழிபெயர்ப்பு. ஞாயிறுகளில் ஒழுங்கைக்கு இலவச சேவை. ‘மீறுதல்’ என் கைக்கு நன்கு பழகிய வினை. சொல்லை மீறலாம், வாக்கை மீறலாம், அதெல்லாம் வீட்டுக்குள் பேசித் தீரும். ‘உரிமையை மீறியுள்ளார்’ என்று எழுதிவிட்டால், அங்கே ஓர் எல்லை இருந்தது, அது அவருக்குத் தெரியும், தெரிந்தே தாண்டினார் என்றாகிவிடும். எத்தனையோ பேர்மேல் அதை யோசிக்காமல் எறிந்திருக்கிறேன்.

இந்த மாசியில் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் இடையிலிருந்த கிடுகு வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டினேன். வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழையும் இடைவெளி, இருந்தது. பக்கத்து வீட்டு மாமி அதற்குள்ளால் குனிந்து வந்து எங்கள் வளவுக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவார். அவருடைய கிணறு உவர். எங்கள் கிணற்றில் அவருக்குப் பங்கும் வழியும் உண்டென்று காணி உறுதிப் பத்திரத்தில் இருக்கிறது, நானே வாசித்திருக்கிறேன். ஆனாலும் விடியவே யன்னலடியில் வந்து நின்று, கொடியில் காயும் என் உடுப்புகளுக்குக் குறை சொல்லும் மனுசியை எத்தனை வருஷம் பொறுப்பது? மதிலில் வாசல் வைக்கவில்லை. “முன் கேற்றாலை வாங்கோ மாமி” என்றேன். வேலைக்குப் போகும்போது கேற்றைப் பூட்டிக்கொண்டும் போனேன்.

ஒரு ஞாயிறு மாமி கேற்றைத் தட்டினார். கையில் வாளி இல்லை.

“பிள்ளை, ஒரு பெட்டிசம் எழுதித் தா.”

“ஆருக்கு மேலை மாமி?”

“உனக்கு மேலைதான். வேறை ஆரிட்டைப் போக? நீதானே வடிவா எழுதுவாய்.”

பகிடி என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ரண்டு கிழமையா உவர்த் தண்ணியிலைதான் தேத்தண்ணி. வாயிலை வைக்கேலாது.”

எழுத உட்கார்ந்தேன். பேனை சரியில்லை என்று எழும்பினேன். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில், ‘நீர் பெறுவதில் இடையூறு ஏற்பட்டுள்ளது’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

“மழையாலை ஏற்பட்டதோ?” என்றார் மாமி. “மூலை வீட்டுக்காரன் ஒழுங்கைக்குள்ளை வேலியைத் தள்ளி அரக்கேக்கை என்ன எண்டு எழுதினனி? அதையே எழுது.”

வெட்கமும் கோபமும் ஒன்றாக ஏறின. என் முழுப் பெயரையும் எழுதி, ‘தெரிந்துகொண்டே எனது உரிமையை மீறியுள்ளார்’ என்று முடித்தேன். மாமி ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்து வைத்தார். நான் அவசரமாக எழும்பிப்போய்க் கேற்றுப் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து நீட்டினேன்.

“உது நீ தாறது” என்று மாமி தள்ளிவிட்டார். “எனக்கு என்ரை வழி வேணும்.”

கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். போவார் என்று பார்த்தேன், போகவில்லை.

“நாளைக்கு இதைக் குடுக்க நீயும் வா, பிள்ளை. கந்தோரிலை உத்தியோகத்தரோடை எனக்குக் கதைக்கத் தெரியாது.”