கத்துகிறவருக்கு மல்லாட்டை இல்லை

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் எந்த ரோடு எப்போது அடைபடும் என்று யாருக்கும் தெரியாத வருஷங்கள் அவை. என் மகள் எப்போது கத்துவாள் என்பதும் அப்படித்தான். எதிரே வரும் வண்டியின் நம்பர் எதால் வகுபடும் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவாள். பஸ் வழக்கமில்லாத இடத்தில் நின்றாலோ ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறுவாள். இரண்டு பள்ளிக்கூடங்கள் எங்களைக் கும்பிட்டு அனுப்பிவிட்டன. கள்ளக்குறிச்சியில் மூன்றாவது பள்ளியின் தலைமையாசிரியை, "மதியம் வரைக்கும் கத்தாம உக்காரட்டும், சேத்துக்கறேன்" என்றிருந்தார்.

அன்று காலை நைனார்பாளையத்தில் பஸ் ஏறினோம். மனைவி கல்வராயன் மலையில் நர்ஸ். மேலே போனால் போன் எடுக்காது. ஆகவே பயப்படும் வேலை முழுக்க என்னுடையது. அதில் நான் கெட்டிக்காரன்.

மகளுக்கு நடத்தைப் பயிற்சி தரும் டீச்சர் ஒரே விதிதான் சொல்லியிருந்தார். கத்தும்போது முகம் பார்க்கக் கூடாது. அடங்கியதும் பாராட்டி, அவளுக்குப் பிடித்த வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒன்று தர வேண்டும்.

பாதி வழியில் மறியல். பஸ் நின்றது. அவள் வாய் திறப்பதற்குள் என் வாய் திறந்துகொண்டது. அவளை இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

"இன்னைக்குத்தான் கெடைச்சுதா ஒங்களுக்கு? எம்பொண்ணு படிப்பே போவுது!"

ரோட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எங்க புள்ளைங்க படிப்புக்குத்தாண்ணே நாங்களும் குந்திக்கினு கீறோம். அதுக்கு இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துற?"

நான் இன்னும் கத்தினேன். சாட்சிக்கு மகளைப் பார்த்தால், அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போனேன். இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூட்டம் சிரித்தது. மூச்சு தீர்ந்து நான் நிறுத்தியதும் என் பக்கம் திரும்பினாள்.

"சூப்பர்ப்பா." என் கையில் ஒரு மல்லாட்டையை வைத்தாள்.

"எனக்கு, பாப்பா?" என்றார் ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்.

"நீங்க கோஷம் போடறத இன்னும் நிறுத்தலியே."

அவர் விழுந்து விழுந்து சிரித்து, தன் பைக்கிலேயே எங்களைப் பள்ளி வாசலில் கொண்டுவந்து விட்டார்.

தாமதத்துக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்த என் குரல் மறுபடி ஏறியது. மகள் தலைமையாசிரியையிடம், "மிஸ், எங்கப்பா மொகத்த பாக்காதீங்க. அடங்கிடுவாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தம்மா அப்படியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். நான் அடங்கினேன்.

மதியம் வரை கேட்டுக்கு வெளியே நடந்தேன். ஏதோ வகுப்பில் ஒரு குழந்தை அலறியது. கேட்டில் ஏறப் பார்த்தேன். வாட்ச்மேன் காலைப் பிடித்து இறக்கினார். "அது ஒங்க வூட்டுப் பொண்ணு இல்ல சார்."

மணி அடித்ததும் தலைமையாசிரியையே அவளை அழைத்து வந்தார்.

"நாளைலேர்ந்து வரட்டும் சார். கொண்டாந்து விடறதுக்கு மட்டும் வேற யாரையாவது அனுப்புங்க."