வாசலில் கட்டிய புலி

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் யானையைப் பார்க்க வேண்டுமென்றால் வாழைப்பழத்தோடு கோயிலுக்குப் போவோம். இங்கே மலையாள நாட்டுச் சாந்தன்பாறை மலையில் வாழையைப் பார்க்க யானை வீட்டுக்கே வந்துவிடுகிறது. இன்று காலையும் வந்தது. நான் கணக்கப்பிள்ளையாக இருக்கும் ஏலத் தோட்டத்தில், அது போகும்வரை யாரும் வேலைக்கு இறங்கவில்லை. துரையிடம் என்ன காரணம் சொல்லலாம் என்று கட்டிலுக்கு அடியில் படுத்தபடி நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் யானையின் பின்பக்கத்தைத்தான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். இந்த மலையில் புலியைப் பார்த்ததே இல்லை.

இதை ஊரில் சொல்ல முடியுமா? லீவுக்கு இறங்கியதும் முதல் கேள்வியே, "புலியப் பாத்தீரா?" என்பதுதான். இல்லை என்றால், பிறகு எதற்கு மலைக்குப் போனாய் என்பதுபோல் ஒரு பார்வை. என்னைப் போல் மலையேறிப் பிழைக்கிறவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். ஆகவே லீவுதோறும் வழியை வளைத்துக்கொண்டு, ஊர் ஊராக மிருகக்காட்சிசாலைகளுக்குப் போனேன். சென்னையில் அதற்கு உயிர்க்காலேஜ் என்று பெயர்; பெயருக்கேற்ப அங்கிருந்த புலி பாடவேளையில் மாணாக்கன் தூங்குவதுபோல் தூங்கியது. மைசூர்ப் புலி அரண்மனைச் சாப்பாட்டில் மினுமினுத்தது. திருச்சூர்ப் புலி கூண்டுக்குள் ஓயாமல் நடந்தது. சென்னையில் மீசை, மைசூரில் வரி, திருச்சூரில் நடை என்று எடுத்துச் சேர்த்து ஒரு புலியைச் செய்து, என் வீட்டு வாசலில் உலவ விட்டேன். ஊரில் மதிப்பு ஏறியது. அந்த மதிப்பில்தான் செண்பகத்தை எனக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

கட்டிக் கொடுத்தார்களே தவிர அனுப்பவில்லை. "மாப்ளே, வாசல்ல புலி படுத்துக் கெடக்குத ஊருக்கு எம் மகள எந்தத் தைரியத்துல அனுப்ப? நீங்க இங்கயே ஒரு கடை கண்ணியப் பாருங்க," என்றார் மாமனார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவன் உண்டு. நான் கூண்டில் கிடந்த புலியை அல்லவா கட்டிக்கொண்டேன். மலைக்குத் திரும்பி, ஒருத்தனாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்தேன். அவள் வராவிட்டால் வேலையை விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்தது. அவளுக்காக அழுதேனா, மலைக்காக அழுதேனா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த லீவில் மாமனார் எங்கள் இருவரையும் பத்மநாபசுவாமி தரிசனத்துக்குத் திருவனந்தபுரம் அழைத்துப் போனார். அங்கேயும் மிருகசாலை உண்டு. சென்னைப் புலியை நம்பி ஒரு திட்டம் போட்டேன். புலி வெறும் தூங்குமூஞ்சி என்று அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டால் தீர்ந்தது. தரிசனம் முடிந்த கையோடு கூண்டருகே கூட்டிப்போய், "பாருங்க மாமா, பெரிய பூனை, அவ்வளவுதான்," என்றேன். அந்தப் பூனை எழுந்து ஒரு உறுமல் உறுமியது. கண்ணைத் திறந்தபோது நான் மாமனாரின் முதுகுக்குப் பின்னால், அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். செண்பகம் மட்டும் கம்பியருகிலேயே நின்று சிரித்தாள்.

"அப்பா, இவுக புலியப் பாத்த மொகமா இது? இவுகளே இத்தன வருசம் உசிரோட இருக்காகன்னா அங்க புலியே கெடையாது. நான் போறேன்."

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். துண்டை என் கையிலிருந்து உருவிக்கொண்டு, "சரி தாயி, போ," என்றார்.

"பேடிக்கண்டா, கம்பியுண்டல்லோ," என்று, பயம் வேண்டாமெனத் தேற்றிய காவல்காரர், பாண்டியில் எந்த ஊர் என்று கேட்டார். தமிழர் எல்லோரும் அவர்களுக்குப் பாண்டிக்காரர்தான். சாந்தன்பாறை என்றேன். "அது நம்முடெ ராஜ்யமல்லே," என்று, தங்கள் ராஜ்யத்து ஊரைப் பாண்டிக்காரன் எப்படிச் சொல்கிறான் என்ற சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, பக்கத்துக் கூண்டைக் காட்டினார். எங்கள் மலையில் பிடித்த வரையாடு, ஒரு கல்குவியல்மேல் ஏறி, சுவரைப் பார்த்து நின்றது. மலை இருப்பது அந்தப் பக்கமாம்; எப்போதும் அங்கேதான் பார்க்குமாம். செண்பகம் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதன்பிறகு என் பெயர் ஆடு. மலையில் சாயங்காலமானால் நான் பாறைமேல் ஏறி ஊர்ப் பக்கம், தெற்கே பார்த்து நிற்பேன். ஊருக்குப் போனால் மூன்றாம் நாளே மொட்டைமாடியில் மலைப் பக்கம், வடக்கே பார்த்து நிற்பேன். "ஆடு இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று கீழேயிருந்து செண்பகத்தின் குரல் வரும்.

போன லீவில் மொட்டைமாடிக்கு ஏறினேன். எனக்கு முன்பே அவள் அங்கே, வடக்கே பார்த்து நின்றிருந்தாள். கேலி செய்ய நல்ல சமயம். நானும் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.