ஏலத்தில் போன அதிரசம்

எங்கள் கோயிலில் அன்பைப் பற்றிப் பிரசங்கம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புகளுக்குப் பின்னால், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நின்ற சின்னக் கோயில் அது. மழை பிடித்துக்கொண்டால் போதகர் பேசுவது ஒன்றும் காதில் விழாது. அங்கே எனக்குக் கிடைத்த ஆறுதல் அந்த மழை ஒன்றுதான்.

நானும் என் வீட்டுக்காரரும் கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அவருக்குத் தண்டவாள வேலை கிடைத்துத்தான் பட்டணம் வந்தோம். தோட்டத்தில் இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தேன். இங்கே வந்து பிறந்த பெண் நிலைத்தாள். அவளுக்கு ஒரு வயது முடிந்த சமயத்தில் அறுப்பின் பண்டிகை வந்தது.

அறுப்பு என்று சொல்ல இங்கே யாருக்கும் வயல் கிடையாது. கோழி, பூசணிக்காய், வாழைத்தார் என்று வீட்டில் இருப்பதைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அவை ஏலத்துக்கு வரும். முந்தின வருடம் நான் கொடுத்த பூசணிக்காய்க்குப் பெரிய போட்டி. இந்த முறை என் கையால் அதிரசம் சுட்டு எடுத்துப் போவது என்று பொருத்தனை செய்திருந்தேன். சபையார் தின்று, வாயார என் பிள்ளையை வாழ்த்தவேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை. வீட்டுக்காரர், "பூசணிக்காயே போதும்" என்று முனகினார். ஏன் என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை.

எங்கள் சாதி என்ன என்று அந்தக் கோயிலில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துவைத்திருந்தார்கள். நற்கருணைக் கிண்ணம் எல்லார் வாயிலும் பட்டுக் கடைசியில்தான் எங்களிடம் வரும். பின்பலகையில் உட்காருவதால் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்த மடச்சி நான்.

ஏலம் விட்டவர் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி, சபையில் மூப்பர். கோழிகள் போயின, வாழைத்தார் போனது. பிறகு என் பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரு எலுமிச்சம்பழத்துக்குத் தொண்டை கிழியக் கத்திய கூட்டம், என் அதிரசத்தைப் பார்த்ததும் ஊமையாகிவிட்டது. ஒருத்தி குடையை விரித்து மடக்கினாள். போதகரின் மனைவி வானத்தைப் பார்த்தாள். கடைசியில் கிராணியே ஒரு விலை சொல்லி, தானே எடுத்துக்கொண்டார். போதகர் கை தட்டி, இதுதான் கிறிஸ்தவ அன்பு என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனையையும் நம்பினேன்.

மறுநாள் தாம்பாளத்தை வாங்கிவரக் கிராணி வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் கொட்டகையில் அவர்கள் பசு நின்றது. அதன் தொட்டியில், தவிட்டோடு தவிடாக, என் அதிரசம் ஊறிக்கொண்டிருந்தது. தாம்பாளம் புளி போட்டுத் தேய்த்துக் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. கிராணியின் மனைவி என்னைப் பார்த்துக் கொஞ்சமும் கூசவில்லை.

"ஏலத்துல எடுத்தாச்சுலா. காசு கோயிலுக்குப் போயிடுச்சு. பெறகு மாடு தின்னா என்ன, மனுசன் தின்னா என்ன?"

வீட்டுக்கு வந்து, தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்காக என் வீட்டுக்காரரைத்தான் திட்டித் தீர்த்தேன். சொல்லியிருந்தால் நீ நம்பியிருப்பாயா என்று கேட்டார். நம்பியிருக்கமாட்டேன். அந்தக் கோபமும் சேர்ந்து எனக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த வருடம் பண்டிகைக்கு முன்னால் போதகரே வழியில் நிறுத்தி, நல்ல பூசணிக்காயாகக் கொண்டுவாம்மா என்றார். தலையாட்டிவிட்டு வந்து அதிரசத்துக்கு மாவு இடித்தேன்.

அந்த வருடமும் கிராணிதான் ஏலம் விட்டார். என் தாம்பாளத்தைத் தூக்கி அவர் வாய் திறப்பதற்குள் நானே விலை கேட்டேன். எதிர்த்துக் கேட்க ஆள் ஏது? என் பொருளை நானே எடுத்துக்கொண்டேன். அப்போது அவர்கள் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. தாம்பாளத்தோடு நேரே போதகர் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, போன வருசம் இதை மாடுதான் தின்னுச்சு. இந்த வருசம் காசு கொடுத்து நானே வாங்கிட்டேன். எம் பிள்ளைய வாழ்த்தி நீங்க ஒன்னு தின்னுங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றை எடுத்தார். முதலில் ஜெபிப்போம் என்றார். அன்பு, ஐக்கியம், ஒரே சரீரம் என்று ஜெபம் நீண்டுகொண்டே போனது. நான் கண்ணை மூடவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோதும் அதிரசம் அந்தக் கையிலேயே இருந்தது. எண்ணெய் இறங்கி வெள்ளை அங்கியின் கைப்பக்கம் கறையாகியிருந்தது.

"வயிறு சரியில்லம்மா. வீட்டுக்குக் கொண்டுபோய் சாப்பிடுறேன்."

"உங்க வீட்லயும் மாடு இருக்காங்கய்யா?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்து அதிரசத்தை வாங்கி, என் இடுப்பில் இருந்த மகளிடம் கொடுத்தேன். கோயில் வாசலில், சபை மொத்தமும் பார்த்திருக்க, அவள் அதை ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்தாள்.