முன் சீட்டில் பெருமாள்

பெருந்தேவி காரைக் கிளப்பியதுமே அது கூப்பாடு போட ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறதாம், பெல்ட் போடவில்லையாம். ஆளாவது ஒன்றாவது! வெள்ளிப் பெட்டிக்குள் பட்டுத்துணி சுற்றி உட்கார்ந்திருந்தது எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு சாளக்கிராமம். பூஜைப் பாத்திரங்களும் தண்ணீர்ச் செம்பும் சேர்ந்து பை கனத்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, பெருமாளுக்கும் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். கார் வாயை மூடிக்கொண்டது.

திருப்பதியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். புகுந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெருமாளுக்குச் சமைத்த தளிகையைக் காட்டாமல் யாரும் ஒரு வாய் சோறு சாப்பிட முடியாது. ஒருநாள்கூட அவரைப் பட்டினி போட முடியாது. கல்யாணமான புதிதில் ஹம்பியைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகக் கேட்டாள். "பெருமாளை யார் பாத்துப்பா? கண்ட எடத்துக்கும் அவரை ஏளப்பண்ணிண்டு போக முடியுமா?" என்றார் கணவர் சடகோபன். ஹம்பி அத்தோடு முடிந்தது.

அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அவர் படுத்தபடி மந்திரம் சொல்ல, இவள் கதவைச் சாத்திக்கொண்டு பெருமாளுக்குத் தீர்த்தம் விட்டாள். பிறகு அவர் பேச்சும் போயிற்று, மந்திரமும் இவள் தலையில் விழுந்தது. பெண்கள் சாளக்கிராமத்தைத் தொடக்கூடாது என்கிற குடும்பம். அதனால் தெரிந்தவர் ஒருவர் வந்து ஆராதனம் பண்ணுகிறார் என்று கூசாமல் ஒரு பொய். கணக்கு டீச்சர் சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சடகோபன் போய் ஒரு வருஷமாகி, வருஷாப்திகமும் முடிந்ததும் அவர் தம்பி யதிராஜன், "பெருமாளை எங்காத்துக்கு ஏளப்பண்ணிடுங்கோ மன்னி. தனியா இருந்துண்டு என்ன பண்ணுவேள்?" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். "குடுத்துடும்மா, அப்புறம் நீ ஃப்ரீ" என்றாள் பெங்களூரில் இருக்கும் மகள் நந்திதா. பெருந்தேவியும் தலையாட்டிவிட்டாள். ராயதுர்கத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் யதிராஜன் கோயில் அர்ச்சகர். அங்கே பெருமாளை ஒப்படைத்துவிட்டு, அப்படியே தன்னந்தனியாக ஹம்பிக்குப் போவதாகத் திட்டம்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது, மனசு மட்டும் எதிலும் ஒட்டவில்லை. பீலேரில் சந்தோஷமாக இருந்தது, மதனப்பள்ளியில் அழுகை வந்தது. இத்தனை நாள் செய்தது பாவமா, இப்போது செய்யப் போவது பாவமா என்று புரியவில்லை. கதிரி தாண்டியதும் பச்சை குறைந்து, வெறும் பாறையும் காய்ந்த வேர்க்கடலைக் கொல்லையுமாகப் போய்க்கொண்டே இருந்தது. ரோட்டோரம் கடலை விற்றவள் குனிந்து காருக்குள் பார்த்து, "ஒக்கதானிவேனா அம்மா?" என்று கேட்டாள், தனியாகவா வருகிறாய் என்று.

"அவுனு" என்றாள் பெருந்தேவி. உடனே, "காது" என்றாள்.

ஆமாம் என்றும் இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்பவளிடம் மேலே என்ன கேட்பது? கடலைக்காரி இன்னொரு கை அள்ளிப் போட்டு அனுப்பிவிட்டாள்.

ஊரை நெருங்கும்போது மேப் அவளை ஏதோ மணல்காட்டில் கொண்டுபோய் விட்டது. மேடு மேடாக மணல், நடுவில் ஒரு தார் ரோடு, ஒற்றை வேப்பமரம். மரத்தடியில் காரை நிறுத்தி, பெருமாளுக்குத் தீர்த்தம் விட்டு, கொண்டுவந்த தயிர்சாதத்தைக் காட்டினாள். "உமக்கு அங்கே போக இஷ்டமா, இல்லையா? வாயைத் திறந்துதான் சொல்லுமே" என்று சண்டையும் போட்டாள். அவர் வழக்கம்போல் பேசாமல் இருந்தார்.

யதிராஜன் வாசலிலேயே துளசியோடு காத்திருந்தார். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் அவர் ஆராதனம் பண்ணும்போது பெருந்தேவி தள்ளி நின்று சேவித்தாள். ஒரு குறை சொல்ல முடியாது, மந்திரமெல்லாம் கணீரென்று சொன்னார். அவர் மனைவி சுலோச்சனா வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். பெருந்தேவி காரைக் கிளப்பினாள். பெல்ட் போடச் சொல்லி அது கத்தவில்லை.

ஹம்பிக்கும் அந்த மணல் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அதே வேப்பமரத்தடியில் நிறுத்திப் பொட்டலத்தைப் பிரித்தாள். பெருமாள் ஏற்கெனவே அமுது செய்த பிரசாதம், மறுபடி காட்டவே வேண்டாம். ஆனாலும் கை தானாக அதைப் பக்கத்து சீட்டின் முன்னால் நகர்த்தியது. கண்ணை மூடித் திறந்தாள். காலி சீட். சாப்பிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை, அதற்குத்தானே முப்பது வருஷமாக ஏங்கினாள்! ஒரு பருக்கைகூட உள்ளே இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து விக்கி விக்கி அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.

"என்ன மன்னி, எதையாவது மறந்துட்டேளா?" என்றார் யதிராஜன்.

"ஆமாம். பெருமாளை."

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அங்க ஆராதனம் யார் பண்ணுவா?"

"இத்தனை நாளும் நான்தான் பண்ணினேன். வேற யாரும் வரல்லே. உங்க அண்ணாவுக்குத் தெரியும். படுத்துண்டே பாத்துண்டிருப்பார். நான் தப்பாச் சொன்னா கண்ணை மூடிப்பார், சரியாச் சொல்ற வரைக்கும் திறக்க மாட்டார்."

யதிராஜன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமா, அழுகையா என்று அவள் பயந்தாள். அவர் உள்ளே போய்ப் பெட்டியைப் பூஜைப் பையோடு எடுத்துவந்து, தாமே முன் சீட்டில் வைத்தார். கார் கத்தியது. பெருந்தேவி எட்டிப் பெல்ட்டை மாட்டினாள்.

"நேரா திருப்பதிக்குத்தானே மன்னி?"

"இல்லே, ஹம்பிக்கு" என்றாள் பெருந்தேவி. "பாவம், இவரும் இன்னும் பாத்ததில்லே."