தம்பியின் கால் அளவு

எங்கள் வீட்டில் பொய் சொன்னால் அடி விழும். தாத்தாவுக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் பொய் எழுதாவிட்டால் அடி விழும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு எட்டு, ஒன்பது வயது.

சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் வேலை. இங்கே எங்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள். அங்கே இந்தியாக்காரர்கள் என்றார்களாம். வந்த முதல் மழைக்காலத்திலேயே நான்கு வயதுத் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். அம்மாவின் அப்பா பெயரை வைத்த பிள்ளை. அந்தத் தாத்தாவோ பாஸ்போர்ட்டுக்காக இன்னும் தோட்டத்திலேயே காத்திருந்தார்.

"தனியா கெடக்குற மனுசன், கேட்டா உசுர விட்ருவாரு. கப்பலேறி வரட்டும், நேர்ல சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா.

ஆகவே தம்பி கடிதத்தில் வளர்ந்தான். அவனுக்குப் பல் விழுந்து முளைத்தது. ஏரி நிரம்பி வழிந்ததைப் பார்க்கப் போனான். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய முதல் ரேங்க்கைக்கூட அவன் பெயரில் எழுதச் சொன்னாள் அம்மா. எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்துப்போனவனோடு எப்படிச் சண்டை போடுவது? எழுதினேன்.

இரண்டாம் வருடம் தாத்தாவின் கடிதம் வந்தது. புறப்படப் போகிறேன், பேரனுக்குச் செருப்பு வாங்க வேண்டும், பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பவும்.

அம்மா என் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துத் தரையில் போட்டு, அதன்மேல் என் காலைத் தூக்கி வைத்தாள்.

"பெருசா தெரியும் ஆயி. வெரல மடக்கிக்க."

மடக்கிக்கொண்டேன். பென்சில் காலைச் சுற்றி வந்தபோது கூசியது. சிரித்துக் காலை அசைத்துவிட்டேன். அம்மாவும் சிரித்துவிட்டாள். தம்பி போனபின் அவள் சிரித்தது அன்றுதான்.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். செருப்புக்கு அளவு என்றாள் அம்மா. "மில்லுக்காரர் பொண்டாட்டியே வெறுங்கால்ல நடந்துக்கினு கீது, உம் பொண்ணுக்கு செருப்பு கேக்குதா?"

தை மாதம் தாத்தா வந்தார். பஸ் ஸ்டாண்டில் அம்மா என் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள். பேரன் எங்கே என்று கேட்டால், வயிற்றுவலி, வீட்டில் படுத்திருக்கிறான் என்று நான் சொல்ல வேண்டும்.

தாத்தா கேட்கவே இல்லை. டிரங்குப் பெட்டியை இறக்கிவிட்டுப் புழுதியிலேயே உட்கார்ந்தார். உள்ளிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்தார். சிவப்பு வார், நடுவில் ஒரு பூ. பெண்பிள்ளைச் செருப்பு. நாங்கள் அனுப்பிய தாளும் கூடவே இருந்தது; அதில் கோடு ஓரிடத்தில் கோணி, விரல் முனைகள் மொட்டையாக இருந்தன. என் காலைப் பிடித்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லா நீட்டு ஆயி. இனிமே வெரல மடக்க வேணாம்."

அம்மா அப்படியே தரையில் விழுந்து, தம்பி பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். இரண்டு வருடமாக அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

செருப்பு எனக்குச் சரியாக இருந்தது. ஆனால் நான் வெட்கத்தில் கூனிப்போய் நின்றேன். அன்றைக்கு நான் சிரித்துக் காலை அசைத்ததால்தான் குட்டு உடைந்தது, அம்மாவை அழவைத்தவள் நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.