உயிரோடிருப்பவருக்கு விட்ட எள்

எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டுச் சிறுமிக்கு எட்டு வயது. அவள் அப்பா குவைத்தில் கட்டட வேலையில் இருந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு ஸ்ரீரங்கத்தில் பேச வேறு ஆளில்லை. சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து அவளுக்குக் கதை சொல்வேன். கடலுக்கடியில் ஒரு தபால்காரர் இருக்கிறார், கடலில் எதைப் போட்டாலும் உரியவரிடம் சேர்த்துவிடுவார் என்று ஒரு கதை. அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

"குவைத்துக்கும் போவாரா தாத்தா?"

"அங்கேயும் கடல் இருக்கே. போவார்."

தை அமாவாசைக்குக் குடியிருப்பில் சிலர் சேர்ந்து வேன் பிடித்துப் பூம்புகார் போனோம். அவளும் அவள் அம்மாவும் வந்தார்கள். கடலை அன்றுதான் முதலில் பார்த்தாள்.

"இவ்ளோ தண்ணியா? நம்ம கொள்ளிடத்துல மணல்தானே தெரியும்."

நண்டைத் துரத்திக்கொண்டு ஓடினாள். அலை அவள் செருப்பில் ஒன்றைக் கொண்டுபோனது. "தபால்காரருக்கு ஒத்தைச் செருப்பு எதுக்கு?" என்று சிரித்தாள். அம்மா பைகளுக்குக் காவலாக வேனருகே இருந்தாள்.

என் பெற்றோருக்குத் தர்ப்பணம் செய்து முடித்தேன். கிண்ணத்தில் கொஞ்சம் எள் மிச்சமிருந்தது. எள்ளும் தண்ணீரும் இறந்தவர்களுக்கு விடுவது. அப்பா உயிரோடிருக்கும் பிள்ளை அதைத் தொடக்கூடாது. எனக்குத் தெரியும்.

"நான் அப்பாவுக்கு அனுப்பட்டுமா?" என்று கையை நீட்டினாள்.

கதையை உடைக்க மனம் வரவில்லை. எள்ளை இட்டுத் தண்ணீர் ஊற்றினேன். என்னைப் போலவே கட்டைவிரல் பக்கமாகச் சாய்த்து, அப்பா பெயரைச் சொல்லி விட்டாள்.

பத்து நாளில் செய்தி வந்தது. சாரத்திலிருந்து விழுந்து அவருக்குக் கால் முறிந்திருந்தது. அவள் அம்மா அவளை இழுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"சார், எள்ளுத்தண்ணி செத்தவங்களுக்கு விடறதுன்னு யாரோ இவகிட்ட சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு விட்டேன், அதான் விழுந்துட்டாருன்னு அழறா. நீங்கதான் குடுத்தீங்கன்னு சொல்றா."

"நானா? நான் கண்ணை மூடிட்டு இருந்தேன்மா. அவளா எடுத்திருப்பா."

சிறுமி என்னைப் பார்த்தாள்.

எள்ளுக்கும் சாரத்துக்கும் தொடர்பில்லை என்று யாருக்கு வேண்டுமானாலும் விளக்கக்கூடியவன் நான். அவளுக்கு விளக்கவில்லை. விளக்கினால் என் பொய்யையும் சொல்ல வேண்டியிருக்கும். அதன் பிறகு சாயங்காலங்களில் படியில் யாரோ காத்திருப்பதுபோலச் சத்தம் கேட்கும். கதவைத் திறந்தால் யாரும் இருப்பதில்லை.

சித்திரையில் அவர் திரும்பி வந்தார். ஊன்றுகோலுடன் வாசலில் நின்றவர், "நல்லா இருக்கீங்களா சார்?" என்றார். மகள் நான்கடி தள்ளி நின்றாள்.

"வாடா, அப்பா கையப் புடிச்சுக்க."

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வந்ததுலேருந்து இப்படித்தான் சார். என்னைத் தொடவே மாட்டேங்கறா. ஏன்னு தெரியல."

"சின்னப் பிள்ளைதானே, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நான் மாடியேறினேன்.